வீட்டுக்கு ஒரு புகார்

தொம்மலூர் ஸ்வர்ணா எந்த இடத்துக்கும் நேரத்தோடு போய்ச் சேர்ந்ததாகச் சரித்திரம் கிடையாது. தன் கல்யாணத்துக்கே தாமதமாக வந்தவள். குடியாத்தத்தில் மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்து, ஐயர் உட்கார்ந்து, மேளக்காரர்கள் இரண்டாவது டீயும் குடித்து முடித்த பிறகும் பெண்ணைக் காணோம். பெண் உள்ளறையில், மாமியாராகப் போகிறவருக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தாள்.

"ஒரு பக்கம் முடிச்சிட்டேன். பாதியில விட்டா ஆயுசுக்கும் போட்டோவில ஒத்தைப் புருவத்தோட நிப்பாங்க" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. முகூர்த்தம் தப்பவில்லை என்று ஐயர் பிறகு எப்படியோ சமாளித்தார்.

கல்யாணம் முடிந்து பெங்களூருக்கு வந்தவள் தொம்மலூரில் சொக்கநாதர் கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு சின்ன அறை பிடித்துப் பியூட்டி பார்லர் வைத்தாள். கணவன் விமான நிலையத்துக்கு டாக்சி ஓட்டுகிறவன், பகலெல்லாம் தூங்குவான். ஆகவே ஊர்க்கதை, வீட்டுக்கதை, நாட்டுக்கதை எல்லாம் ஸ்வர்ணா பேசுவது வாடிக்கையாளர்களிடம்தான். நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டே தெளிவாகப் பேச அவளால் முடியும். எதிராளியால் முடியாது. புருவத்தில் நூல் ஓடும்போது யாரும் மறுத்துத் தலையாட்டியதில்லை. அதனால் ஸ்வர்ணா தன்னை விவாதத்தில் வல்லவள் என்று நம்பியிருந்தாள்.

பார்லருக்கு நேர் எதிரே தமிழ் ஸ்கூல். அரசாங்கப் பலகையில் நீளமான பெயர் உண்டு. யாரும் அதைச் சொல்வதில்லை. இரண்டு வகுப்பறை, ஒரு வேப்பமரம், சுற்றிலும் கண்ணாடி ஆபீஸ்கள். அந்த ஆபீஸ்களிலிருந்து சனிக்கிழமைதோறும் இளைஞர்கள் ஒரே மாதிரி பனியன் போட்டுக்கொண்டு சேவை செய்ய வருவார்கள். சேவை என்றால் சுவருக்குப் பெயின்ட் அடிப்பது. ஒரு கம்பெனி யானை வரையும். அடுத்த கம்பெனி அதன் மேலேயே விண்வெளி வீரரை வரையும். இரண்டும் சரியாக மறையாததால், அந்தச் சுவரில் இருந்த விண்வெளி வீரருக்குத் தும்பிக்கை இருந்தது. கதவில் பூச்சு மேல் பூச்சாக ஏறி, அது நிலைக்குள் அடங்க மறுத்தது.

பள்ளிக்குத் தலைமை ஆசிரியை, வகுப்பாசிரியை, எழுத்தர், சில நாட்களில் பியூன், எல்லாமே மௌரீன் டீச்சர்தான். பிரேசர் டவுனிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். ஐம்பது தாண்டியவர். குரலை உயர்த்தமாட்டார், ஆனால் அவர் மெதுவாகச் சொன்ன ஒரு வார்த்தை மறுநாள் குளிக்கும்போது நினைவுக்கு வந்து சுடும்.

ஸ்வர்ணாவின் மகள் இளவேனில் முதலில் இந்தப் பள்ளியில் படிக்கவில்லை. பெயரில் 'இன்டர்நேஷனல்' இருந்த பள்ளியில் படித்தாள். படித்தாள் என்பதைவிட உட்கார்ந்திருந்தாள் என்று சொல்லலாம். வீட்டு வாசலைத் தாண்டினால் அவளுக்கு வாய் திறக்காது. இரண்டு வருடம் ஒரு சொல் பேசவில்லை. எங்காவது டாக்டரிடம் காட்டுங்கள் என்று அந்தப் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். ஸ்வர்ணா அழுதுகொண்டே தெருவைக் கடந்து மௌரீன் டீச்சரிடம் கொண்டுவந்து விட்டாள்.

மௌரீன் டீச்சர் குழந்தையிடம் வருகைப் பதிவேட்டைக் கொடுத்தார். "நீ யார்கிட்டயும் பேச வேணாம்மா. பேரை மட்டும் வாசி. பதில் சொல்றது அவங்க பாடு."

முதல் நாள் இளவேனில் வாசித்தது கொசு பாடியதுபோல் இருந்தது. தங்கள் பெயர் வந்துவிட்டதா என்று கேட்கப் பிள்ளைகள் எல்லாம் அவள் வாயருகே காதை வைத்துக்கொண்டு நின்றார்கள். "சத்தமா சொல்லு, சத்தமா சொல்லு" என்று அவர்களே கெஞ்சினார்கள். இப்போது இளவேனில் நான்காம் வகுப்பு. ஒருவழித் தெருவில் எதிர்த்திசையில் வருகிற ஆட்டோக்காரர்களை நிறுத்தி வைத்துத் திட்டுகிறாள். அவள் திட்டும்போதெல்லாம் ஸ்வர்ணாவுக்குக் கண் கலங்கும்.

இப்படிப்பட்ட ஸ்வர்ணா பள்ளிக் குழுவுக்குத் தலைவரானது தேர்தலில் ஜெயித்து அல்ல. சட்டப்படி பெற்றோர் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ் ஸ்கூலில் அதற்கு ஒரு சுருக்குவழி இருந்தது. கூட்டத்துக்குக் கடைசியாக யார் வருகிறார்களோ அவரே தலைவர். இந்த ஒரு வழக்கத்தால் அந்தப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் குறித்த நேரத்துக்கு முன்பே நிரம்பிவிடும். ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டியாக இருக்கும் பழனிச்சாமிதான் மூன்று வருடமாகத் தலைவர். ஷிஃப்ட் முடிந்து அவரை மாற்றிவிட வேண்டிய செக்யூரிட்டி ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. இந்த வருடம் பழனிச்சாமி லீவு போட்டுவிட்டு விடியற்காலையிலேயே வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்துவிட்டார். ஸ்வர்ணா வழக்கம்போல் கழுத்தில் நூலோடு ஓடிவந்தபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"வாங்க தலைவரம்மா" என்றார் பழனிச்சாமி. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

தலைவர் வேலை என்பது ஆகஸ்ட் பதினைந்துக்கு மிட்டாய் வாங்குவதுதான் என்று நினைத்திருந்தாள் ஸ்வர்ணா. அப்போதுதான் கிஷோர் வந்தான்.

கிஷோர் கல்வி அலுவலகத்தின் ஒப்பந்த வேலைக்காரன். கையில் டேப்லெட், தோளில் பை, முகத்தில் எப்போதும் ஒரு மன்னிப்பு. தமிழும் கன்னடமும் அவன் வாயில் ஒரே தட்டில் பரிமாறிய சோறும் குழம்பும் மாதிரி. டில்லியில் கல்விச் சட்டத்தைத் திருத்திவிட்டார்களாம். இனி ஒவ்வொரு பள்ளியும் பொறுப்புக்கூற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கிரேடு. 'டி' வாங்கினால் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள்.

"கட்டடம் பாஸ். படிப்பு ரொம்ப ஜாஸ்தி பாஸ். புகார் தீர்வுல மட்டும் ஜீரோ மேடம்."

"தீர்க்காத புகார் எத்தனை இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"தீர்த்தது?"

"அதுவும் இல்ல. புகாரே இல்லையே."

"அது நல்லதுதானேப்பா?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன் மேடம். ட்ரெயினிங்ல சொன்னாங்க, புகார் இல்லாத ஸ்கூல்னா பேரண்ட்ஸ் பயந்துட்டு இருக்காங்கன்னு அர்த்தமாம்."

ஸ்வர்ணா திரும்பிப் பார்த்தாள். மௌரீன் டீச்சர் வேப்பமரத்தடியில் ஒரு குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இவங்களுக்கா பயப்படறோம்?"

"பயப்படலேன்னு ஒரு புகார் கொடுத்துட்டா ப்ரூவ் ஆயிடும். ஃப்ளைஓவருக்கு அந்தப் பக்கம் இருக்கற ஸ்கூலைப் பாருங்க. வரிசையாப் புகார் தீர்த்து ஏ கிரேடு."

"அங்க குழாயில தண்ணியே வர்றதில்லையாமே?"

"அதனாலதான் மேடம்! தினம் ஒரு புகார், தினம் ஒரு டேங்கர், தினம் ஒரு தீர்வு. நம்ம ஸ்கூல்ல தண்ணி சும்மா வந்துட்டே இருக்கு. ஏனு மாடோது?" என்று உதட்டைப் பிதுக்கினான். என்ன செய்வது என்று அவன் உண்மையாகவே வருந்தினான்.

அந்தப் பக்கத்துப் பள்ளியில் தமிழ் வகுப்பு கிடையாது. சேர்த்துவிட்டால் மௌரீன் டீச்சர் வேறெங்கோ போவார். இளவேனிலை மறுபடியும் ஒரு புது வகுப்பறையில், புது முகங்களுக்கு நடுவில், உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளாக ஸ்வர்ணா மனக்கண்ணால் பார்த்தாள். அன்றைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருத்திக்குப் புருவம் தேவைக்கு மேல் மெலிந்துபோனது.

புகார் திரட்டுவது எப்படி? ஸ்வர்ணாவுக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்ற வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் செய்கிற தெரு அது. அதே முறைதான். வீட்டுக்கு ஒரு புகார். முடியாதவர்கள் அரைப் புகாராவது கொடுக்க வேண்டும்.

முதலில் மாட்டியது சௌம்யா. பேரன்ட்ஸ் கூட்டத்தில் முதல் ஆளாக வந்து உட்காருகிறவள்.

"மௌரீன் டீச்சரைப் பத்தி ஒரு குறை சொல்லு" என்றாள் ஸ்வர்ணா, பல்லில் நூலோடு.

"ஐயோ அக்கா, பாவம்க்கா அது."

"அசையாதே, புருவம் போயிடும். குறை."

"எம்புள்ள... வீட்ல நான் சொன்னா கேக்கறதே இல்ல. டீச்சர் சொன்னா மட்டும்தான் கேக்கறான்."

"இது ஒண்ணு. அடுத்தது உங்க ஓரகத்தியை அனுப்பு."

ஓரகத்தி மரகதம் கோயில் முனையில் இட்லிக் கடை வைத்திருப்பவள். மகள் இரண்டாம் வகுப்பு. அவள் கொடுத்த புகார், பள்ளி மதிய உணவில் சாம்பார் அளவுக்கு மீறி நன்றாக இருக்கிறது, அதனால் மகள் வீட்டுச் சாம்பாரைத் தொடுவதில்லை என்பது. "கடைக்காரி நான். எங்க வீட்டுக் கொழந்தையே என் சாம்பாரை வேணாம்னா கஸ்டமர் என்ன நினைப்பான்?" என்று அவள் சொல்லச் சொல்லக் கோபம் நிஜமாகிவிட்டது.

இப்படித் தெருவே கொடுத்தது. கொடுக்காத வீட்டை மற்றவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பிள்ளையே இல்லாத ஒரு வீட்டிலிருந்தும் "நாங்களும் இந்தத் தெருவுலதானே இருக்கோம்" என்று ஒரு புகார் வந்தது.

கிஷோர் எல்லாவற்றையும் வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"மேடம், இதெல்லாம் பாராட்டு. சிஸ்டம் எடுக்காது."

"கடைசில 'வன்மையாகக் கண்டிக்கிறோம்'னு போட்டிருக்கே?"

"'டீச்சர் குழந்தையைக் கட்டிப்பிடிச்சு சமாதானம் செய்ததை வன்மையாகக் கண்டிக்கிறோம்'னு போட்டா என்னைத்தான் மேடம் கூப்பிட்டுக் கேப்பாங்க."

பெயின்ட் கனத்தால் கதவு மூடவில்லை என்பது ஒன்றுதான் தேறும்போல் இருந்தது. ஆனால் இருந்த தலைப்பு 'கட்டடச் சேதம்' ஒன்றுதான். கட்டடம் அதிகமாக வளர்ந்துவிட்டது என்பதற்குத் தலைப்பு இல்லை என்று அதையும் கிஷோர் தள்ளிவிட்டான்.

அப்போதுதான் பழனிச்சாமி முன்வந்தார். தலைவர் பதவியைத் தள்ளிவிட்ட குற்ற உணர்ச்சி அவருக்குக் கொஞ்சம் இருந்தது. தவிர, புகார் எழுதுவது அவர் தொழில். ராத்திரி எந்த லைட் எரியவில்லை, எந்தக் கார் கோணலாக நிற்கிறது என்று தினமும் எழுதிக் கொடுத்துப் பழகிய கை.

"புகார்னா அதுக்கு ரெடியா ஒரு பதில் இருக்கணும் தலைவரம்மா. அப்பதான் டக்குனு தீர்ப்பாங்க. போன புதன்கிழமை டீச்சர் ஸ்கூல்ல இல்ல. ஏன் இல்ல?"

"சர்வே எடுக்கப் போயிருந்தாங்க. கவர்ன்மென்ட்தானே அனுப்பிச்சு."

"அவ்வளவுதான்! 'டீச்சர் இல்லை'ன்னு நான் எழுதறேன். 'நாங்கதான் அனுப்பினோம்'னு அவங்க எழுதுவாங்க. தீர்ந்துச்சு. யாருக்கும் சேதாரம் இல்ல."

எல்லோரும் அவரை வியப்போடு பார்த்தார்கள். ஆபீஸ் வாசலில் நின்று நின்று மனிதருக்கு நிர்வாகமே வந்துவிட்டது என்று மரகதம் சொன்னாள். பழனிச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினார்: 'கடந்த புதன்கிழமை முற்பகல் வளாகத்தைச் சுற்றிப் பார்வையிட்டபோது தலைமை ஆசிரியை பணியிடத்தில் காணப்படவில்லை. போதிய நேரம் காத்திருந்தும் வரவில்லை. தங்கள் மேலான நடவடிக்கைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது.'

'மேலான நடவடிக்கை' என்பதை எல்லாக் கடிதத்திலும் போடுவார். எரியாத லைட்டுக்கும் அப்படித்தான்.

புகார் தலைவரின் போன் வழியாகத்தான் ஏறும் என்பதால் ஸ்வர்ணா ஏற்றினாள். சிஸ்டம் உடனே எடுத்துக்கொண்டது. பத்து நாளில் 'தீர்ந்தது' என்று பச்சை விளக்கு எரிந்தது. தமிழ் ஸ்கூலுக்கு 'பி' கிரேடு. மரகதம் தெருவுக்கே கேசரி கிண்டினாள். மௌரீன் டீச்சரும் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. பணியிடத்தில் இல்லாத குற்றத்துக்காக, ஊருக்கு வெளியே சந்தாபுரா பக்கம் ஒரு பள்ளிக்கு. அங்கே ஏற்கெனவே ஆசிரியர்கள் போதுமானபடி இருந்தார்கள். தமிழ் ஸ்கூலுக்கு மாற்று ஆள் பற்றிப் பின்னர் யோசிக்கப்படும்.

ஸ்வர்ணா ஓடியபோது டீச்சர் சாக்பீஸ் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நாங்க சும்மா..."

"தெரியும் ஸ்வர்ணா. வீட்டுக்கு ஒரு புகார்னு நீங்க வசூல் பண்ணினதைப் பார்த்துட்டுத்தானே இருந்தேன். ஒரு வீட்டுல மட்டும் கொஞ்சம் தாராளமாக் கொடுத்துட்டாங்க."

பழனிச்சாமி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கதவருகே நின்றார். கதவு மூடாததால் அவருக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை.

"ஆமா அண்ணா, அந்தப் புதன்கிழமை நான் எங்க இருந்தேன், ஞாபகம் இருக்கா?" என்றார் டீச்சர்.

"எங்க வீட்ல டீச்சர்."

"என்ன கேட்டேன்?"

"'டீச்சர் தினமும் ஒழுங்கா ஸ்கூலுக்கு வர்றாங்களா'ன்னு கேட்டீங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ரொம்ப திருப்தின்னு சொன்னேன்" என்றார் பழனிச்சாமி. "டீயும் கொடுத்தேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

வாசல்படியில் இளவேனில் வருகைப் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். "டீச்சர் போறாங்களாம்மா?" என்று கேட்டாள். கேட்டது கொசுக்குரலில். அந்தக் குரலை ஸ்வர்ணா கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

மறுநாளே ஸ்வர்ணா, பழனிச்சாமி, டீச்சர் மூவரும் கல்வி அலுவலகத்துக்குப் போனார்கள். அதிகாரி நிருபமா மேடம். தாத்தா காலத்தில் மைசூர் அரசாங்க வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். பாதித் தமிழில் யோசித்து மீதிக் கன்னடத்தில் கையெழுத்துப் போடுகிறவர். நல்ல மனுஷி. அதுதான் சிக்கல். கத்துகிறவராக இருந்தால் பதிலுக்குக் கத்தலாம்.

"குத்கோளி, உக்காருங்க. உங்க புகார் தீர்ந்துபோச்சே? பச்சை ஆயிடுச்சு. பச்சையானதைத் திறக்க முடியாது."

"தப்பாத் தீர்ந்திருக்கு மேடம்" என்றாள் ஸ்வர்ணா.

"தீர்ந்ததுல சரி தப்புன்னு கட்டம் இல்லம்மா. தீர்ந்தது, தீராதது, ரெண்டுதான் இருக்கு."

"டீச்சரை சர்வேக்கு அனுப்பினது நீங்கதான் மேடம்."

"ஆமா, நான்தான் கையெழுத்துப் போட்டேன். அது வேற செக்‌ஷன். இந்த செக்‌ஷனுக்கு அது தெரியாது."

"நீங்க ரெண்டு செக்‌ஷனுக்கும் ஆபீஸர்தானே?"

"எனக்குத் தெரியும்மா. சிஸ்டத்துக்குத் தெரியணுமே."

ஸ்வர்ணாவின் கை தன்னையறியாமல் கழுத்தில் இருந்த நூலைத் தேடியது. இந்த அம்மாளை நாற்காலியில் சாய்த்துப் புருவத்தில் நூலை வைத்தால் ஐந்து நிமிடத்தில் வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரிடம் விவாதிப்பது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"அப்போ, தப்பாத் தீர்த்தீங்கன்னு ஒரு புதுப் புகார் கொடுக்கறேன்."

"தாராளமா. ஆனா அதை உங்க ஸ்கூல் தலைமை ஆசிரியைதான் விசாரிக்கணும்."

"அவங்களைத்தான் மாத்திட்டீங்களே!"

"அதான். விசாரிக்க ஆள் இல்லாம நிலுவையில நிக்கும். நிலுவை இருந்தா கிரேடு இறங்கும். இறங்கினா ஸ்கூலை இணைச்சிடுவாங்க. வேணாம்மா." அவர் உண்மையான அக்கறையோடு சொன்னார். "ஒரே ஒரு வழிதான் இருக்கு. கொடுத்தது பொய்ப் புகார்னு கொடுத்தவங்களே ஒத்துக்கணும். அப்போ தீர்வு தானா ரத்தாகும். டீச்சர் திரும்பி வந்துடுவாங்க. பொய்ப் புகாரைப் பிடிச்சதும் ஒரு தீர்வுன்னு கணக்காகும், கிரேடும் இறங்காது."

"ஒத்துக்கிட்டா என்ன ஆகும்?"

"'பொறுப்பற்ற பெற்றோர்'னு பதிவாகும். போட்டோவோட ஸ்கூல் வாசல்ல பலகை வைப்பாங்க, வருஷக் கடைசி வரைக்கும். பொறுப்பான பெற்றோர் பயிற்சிக்கும் வரணும்."

பழனிச்சாமி எழுந்தார். "எழுதினது நான் மேடம். நான்தான்..." என்றவர் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார். வாசல் காவலுக்கு நிற்பவன் பொய்த் தகவல் கொடுத்தான் என்று எங்காவது பதிவானால், கம்பெனி அன்றைக்கே தொப்பியைத் திரும்பக் கேட்கும். அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. மௌரீன் டீச்சர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "விடுங்கண்ணா. சந்தாபுராவுல நல்ல காத்து வருமாம்."

ஸ்வர்ணா அந்தப் பலகையை நினைத்துப் பார்த்தாள். பார்லருக்கு நேர் எதிரே. கண்ணாடியில் முகம் பார்க்கிற ஒவ்வொருத்திக்கும் பின்னால் அது தெரியும். இளவேனிலுக்கு இப்போது எழுத்துக்கூட்டாமலே வாசிக்க வரும். எதையும் சத்தமாகத்தான் வாசிப்பாள். அம்மாவின் போட்டோவுக்குக் கீழே எழுதியிருப்பதையும் சத்தமாக வாசிப்பாள். பரவாயில்லை. வாசிக்காமல் போவதுதான் பயம்.

"ஏறினது என் போன்ல மேடம். புகார் என்னோடது" என்றாள்.

நிருபமா மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பொய்ப் புகாருக்குக் காரணம் என்னன்னு சிஸ்டம் கேக்குது. பொறாமை, பகை, அரசியல். எது?"

"நீங்க கேட்டதால கொடுத்தோம்."

"அது இதுல இல்லம்மா. 'பிற'ன்னு ஒண்ணு இருக்கு. அதைப் போட்டா கமிட்டிக்குப் போகும். கமிட்டி இன்னும் அமைக்கல."

"சரி, பகைன்னு போடுங்க."

"என்ன பகை? விவரம் எழுதணும். நம்பற மாதிரி இருக்கணும்."

ஸ்வர்ணா மௌரீன் டீச்சரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் மேல் பகை கொள்ள ஒரு காரணம் வேண்டும். பார்த்துக்கொண்டே வந்தவளின் பார்வை ஓர் இடத்தில் நின்றது. அவள் முகம் மாறியது.

"எதிர்த்தாப்பல பார்லர் வச்சிருக்கேன். இத்தனை வருஷத்துல டீச்சர் ஒரு நாள்கூட வந்து புருவம் எடுத்துக்கல. ஒரு நாளாவது உள்ள வந்து எட்டிப் பார்த்திருக்கலாம். அந்த இடது புருவத்தைப் பாருங்க மேடம். தினமும் காலையில கேட்டைத் திறக்கறப்போ அது என் கண்ணுலதான் படுது."

நிருபமா மேடம் ஒரு சொல் விடாமல் டைப் அடித்தார்.

"இது நிஜம் மாதிரியே இருக்கே" என்றார் நிருபமா மேடம்.

"நிஜம்தான் போலிருக்கு" என்றார் மௌரீன் டீச்சர், இடது புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே.

டீச்சர் திரும்பி வந்துவிட்டார். பலகையும் வந்தது. ஸ்வர்ணாவின் போட்டோ பெரிதாக, கீழே கன்னடத்திலும் தமிழிலும் விவரம். முதல் இரண்டு நாள் ஸ்வர்ணா பார்லர் ஷட்டரைப் பாதிதான் திறந்தாள். வாடிக்கையாளர்கள் குனிந்து வந்தார்கள். சனிக்கிழமை வழக்கம்போல் ஒரு கம்பெனி இளைஞர்கள் பெயின்ட் டப்பாக்களோடு இறங்கினார்கள். வடக்கேயிருந்து வந்த பிள்ளைகள். இரண்டு மொழியும் வாசிக்கத் தெரியாது. பள்ளி வாசலில் இவ்வளவு பெரிய படம் இருந்தால் அது பள்ளியைத் தோற்றுவித்த அம்மையாராகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தார்கள். எழுத்தின் மேல் மயில்நீலம் பூசி, படத்தைச் சுற்றித் தாமரைகளும் தலைக்குப் பின்னால் ஒளிவட்டமும் வரைந்தார்கள். விண்வெளி வீரரின் தும்பிக்கை சரியாக அவள் தலைக்கு மேல் நீண்டு ஆசீர்வதித்தது. திங்கட்கிழமை கோயிலுக்குப் போகிற யாரோ அதற்குக் கதம்பம் சாத்தியிருந்தார்கள். கிஷோர் போட்டோ எடுத்துக்கொண்டு போய், 'பலகை பராமரிப்பு: மிக நன்று' என்று பதிவு செய்தான்.

பயிற்சிதான் மிச்சம். அதை நடத்தத் தகுதிபெற்ற பயிற்சியாளர் அந்த வட்டாரத்திலேயே ஒருவர்தான் இருந்தார். பாடம் நடத்த விடாமல் அவரைத்தான் அத்தனை பயிற்சிக்கும் அனுப்பியிருந்தார்கள்.

ஆகவே அடுத்த வியாழக்கிழமை மௌரீன் டீச்சரின் வகுப்பில், கடைசி பெஞ்சில், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவே முழங்காலை மடக்க இடமில்லாமல் ஸ்வர்ணா உட்கார்ந்திருந்தாள். அன்று அவள் மணி அடிப்பதற்கு முன்பே வந்துவிட்டாள். தெருவே அதைப் பார்க்க வாசலில் கூடியிருந்தது. பழனிச்சாமி மூடாத கதவைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றார்.

இளவேனில் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராக வாசித்தாள். கடைசியில் ஒரு புதுப் பெயரை எழுதிச் சேர்த்திருந்தாள். ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு வாசித்தாள்.

"ஸ்வர்ணா."

ஸ்வர்ணா எழுந்தாள். பெஞ்சும் கூடவே எழுந்தது. வாசலில் அத்தனை முகங்கள், முன்னால் இத்தனை முகங்கள். எவருக்கும் அஞ்சாமல் பல்லில் நூலோடு பேசுகிறவளுக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது.

"உள்ளேன் டீச்சர்" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை.

இளவேனில் பேனாவை உயர்த்திப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"கேக்கலை. சத்தமா சொல்லுங்க."